மேசைமேல் ஆர்க்காட்டுப் போர்

விளையாட்டிலே போர் உண்டு. போரிலே விளையாட்டு இல்லை. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டே நம் முன்னோர் போரை விளையாட்டாக்கினர். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டங்களுக்குள் அடக்கிச் சதுரங்கம் கண்டது இந்நாடு. சிற்றூர்த் திண்ணைகளிலோ மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் கோடுகளின்மேல் நிறுத்தி ஆடுபுலி ஆடினர். சதுரங்கத்தில் இரு தரப்பும் சமம். ஆடுபுலியில் வலியவை சில, எளியவை பல. உலகத்துப் போர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் ஆட்டத்தையே ஒத்திருக்கின்றன.

மேலைநாட்டில் இவ்வாட்டம் வேறொரு வடிவு பெற்றது. பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் 1812-ஆம் ஆண்டளவில் தம் மன்னருக்குப் போர் விளையாட்டு மேசையொன்றைச் செய்தளித்தார். அவருடைய மைந்தர் 1824-இல் அதற்குத் திருந்திய விதிகளை வெளியிட்டார். கட்டங்கள் மறைந்தன, மலையும் ஆறும் சாலையும் காட்டும் நிலப்படம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகள் படத்தின் அளவுக்கேற்ப நகர்ந்தன. மோதலின் முடிவைப் பகடை கூறிற்று. ஐயம் தீர்க்க நடுவர் ஒருவர் இருந்தார். 1913-இல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் விளக்கினார். இன்று பல நாடுகளில் இப்பொழுதுபோக்கு வளர்ந்துள்ளது. ஒரு சண்டையோடு நிறுத்தாமல், ஒரு போர் முழுவதையும் பல நாள் தொடர்ந்து ஆடுவோரும் உளர். அமெரிக்க உள்நாட்டுப் போரையும் ஆங்கிலேய உள்நாட்டுப் போரையும் அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர்.

மாணவ நண்பர்களே, நம் மண்ணிலும் ஓர் உள்நாட்டுப் போர் நடந்ததுண்டு. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கருநாடகப் போர் என்று அதனை நாம் படிக்கிறோம். ஆயினும் அதன் வேர் ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு நிகழ்ந்த உரிமைப் பூசலிலே உள்ளது. நவாபு தோஸ்த் அலி 1740-இல் மராட்டியரோடு பொருது மடிந்தார். அவர் மகன் சப்தர் அலி 1742-இல் வேலூரில் கொலையுண்டார்; அதற்குக் காரணமானவர் அவருடைய சகோதரியின் கணவரும் வேலூர்க் கோட்டைத் தலைவருமாகிய முர்த்தசா அலி. 1744-இல் பதவி அன்வருத்தீன் என்னும் வேறு குடும்பத்தவர்க்குச் சென்றது. தோஸ்த் அலியின் இன்னொரு மருமகனாகிய சந்தா சாகிபு 1749-இல் பிரெஞ்சுத் துணையோடு வந்து ஆம்பூரில் அன்வருத்தீனை வீழ்த்தினார். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளியில் அடைக்கலம் புகுந்து ஆங்கிலேயரின் துணையை நாடினார். குடும்பப் பூசலிலே அயலார் புகுந்த கதை இது.

இப்போரை மேசைமேல் ஆடுவதாயின், படத்தின் நடுவில் திருவண்ணாமலையை வையுங்கள். வடக்கே வேலூரும் ஆர்க்காடும், கிழக்கே செஞ்சியும் அதற்கப்பால் புதுச்சேரியும், தெற்கே திருக்கோவலூரும் அமையும். மேற்கே செங்கம், அக்கணவாயின் வழியே மைசூர்ப் பக்கத்துப் படைகள் சமவெளியில் இறங்கும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என அளவு கொண்டால், செஞ்சி ஏறத்தாழ இருபது சென்டிமீட்டரிலும் வேலூர் ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டரிலும் இருக்கும். பீரங்கியும் பொதிமாடும் கொண்ட படை நாளொன்றுக்கு ஏழு எட்டுச் சென்டிமீட்டருக்குமேல் நகரலாகாது என்று விதி செய்துகொள்ளுங்கள். பாடநூலில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகும் வழி, மேசையில் எத்தனை நாள் வழியாக நீள்கின்றது என்பது அப்பொழுது விளங்கும்.

ஆடத் தொடங்கியதும் முதல் இடர் எதிர்ப்படும். காய்களுக்கு என்ன நிறம் தீட்டுவது? மராட்டியத் தலைவர் முராரி ராவ் 1751-இல் முகம்மது அலியின் பக்கம் நின்றார். ஆர்க்காட்டில் முற்றுகையுண்டிருந்த கிளைவுக்குத் துணையாகவும் அவர் படை வந்தது. மைசூரின் நஞ்சராசரும் அப்பக்கமே இருந்தார். அவருக்குத் திருச்சிராப்பள்ளி தருவதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். 1752-இல் சந்தா சாகிபு சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். வெற்றி கிட்டியது, வாக்கு நிறைவேறவில்லை. மைசூரும் முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் சென்றனர். ஆகவே இவ்வாட்டத்திற்கு நிறம் மாறும் காய்கள் வேண்டும். அவை எப்பொழுது நிறம் மாறும் என்பதைப் பகடையிடம் விட்டுவிடக் கூடாது. கொடுத்த வாக்கு காக்கப்பட்டதா என்பதைக் கொண்டே நடுவர் முடிவு செய்தல் வேண்டும். உள்நாட்டுப் போரின் இயல்பு இதிலே அடங்கியிருக்கிறது.

இரண்டாவது இடர் செய்தி. மேசையைச் சுற்றி நிற்போர்க்கு எல்லாம் தெரியும். அன்றைய தலைவர்க்கோ தெரியாது. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் பார்த்தால், கடிதங்களுக்காகவும் செய்திகளுக்காகவும் காத்திருந்த காலம் அது என்பது புலனாகும். ஆதலின் தொலைவில் நடந்ததை நடுவர் சில நாள் கழித்தே அறிவிக்க வேண்டும்.

மூன்றாவதாக உள்ளதே முதன்மையானது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கிண்ணம் வைத்து, அதில் இருபது புளியங்கொட்டை இடுங்கள். அது அவ்வூரின் தானியம். ஊரில் தங்கும் படை நாளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். படை வாராத ஆண்டில் மட்டும் ஊர் மீண்டும் விதைத்துக் கிண்ணத்தை நிரப்பட்டும். இனி வரலாற்றின்படியே காய்களை நகர்த்துங்கள்.

1753-இல் முராரி ராவின் மராட்டியரும் முர்த்தசா அலியும் சேர்ந்து திருவண்ணாமலையை முற்றுகையிட்டனர், ஊர் விழவில்லை. 1757-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1760-இல் காப்டன் ஸ்டீபன் ஸ்மித் ஆங்கிலேயருக்காக அதனைப் பிடித்தார். உரிமைப் பூசல் ஓய்ந்த பின்னும் ஊருக்கு ஓய்வில்லை. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒன்றுகூடி வர, கர்னல் ஜோசப் ஸ்மித் செங்கத்தில் பொருதார். உணவின்றி வாடிய படையோடு திருவண்ணாமலை நோக்கிப் பின்வாங்கினார். அம்மாத இறுதியில் அங்கேயே பெரும்போர் நடந்து, ஸ்மித் வென்றார். 1790-இல் திப்பு சுல்தான் ஊரைக் கைப்பற்றினார்.

முப்பத்தேழு ஆண்டுகளில் ஐந்து முறை! 1753-இல் பத்து வயதுச் சிறுவனாயிருந்தவன், 1790-இல் நாற்பத்தேழு வயதினன். அவன் வாழ்நாளில் வந்த கொடிகள் எத்தனை! எந்தக் கொடி வந்தாலும் வந்தவர்க்கு வேண்டியது சோறு. களஞ்சியத்தில் நெல் இருந்தால் மட்டும் போதுமா? நெல்லை அரிசியாக்க உரலும் உலக்கையும் வேண்டும். குத்துவதற்குக் கைகளும் வேண்டும். அஞ்சிய மக்கள் ஊரைவிட்டு அகன்றால் வெற்றி கண்ட படையும் பட்டினி கிடக்க வேண்டியதே. போர்க்காய்களுள் உலக்கை பிடித்த பெண்ணுக்கு உருவம் செய்வார் இல்லை. ஆனால் அவள் இன்றிப் படை நகராது.

இன்னொன்றும் கருதத் தக்கது. உயர்ந்த மதில் சூழ்ந்த கோயில்களை அக்காலப் படைகள் கோட்டைகளாகவே கொண்டன. காஞ்சிபுரத்துப் பெருங்கோயிலில் காவற்படை இருந்தது. திருவரங்கத்திலும் திருவானைக்காவிலும் திருமதில்களுக்குள்ளே படைகள் தங்கின. 217 அடி உயர்ந்த அண்ணாமலையார் கோயில் இராசகோபுரம் தொலைவிலிருந்து வந்த அடியார்க்கு வழிகாட்டியது போலவே, படைகளுக்கும் வழிகாட்டியிருக்கும். மதிலைக் கட்டியவர் இதனை எண்ணியா கட்டினர்?

சதுரங்கத்திலே வெட்டுண்ட காய் பெட்டிக்குள் போகும். கட்டத்துக்கு ஊறு நேர்வதில்லை. உண்மைப் போரிலோ காய்கள் வந்து போகின்றன, அடிபடுவது கட்டமே. திருவண்ணாமலை எவருக்கும் காயாக இருக்கவில்லை. எல்லார்க்கும் களமாக இருந்தது. போர் விளையாட்டு கற்பிக்கத்தக்க வரலாறு இதுவே. கிண்ணம் இல்லாமல் ஆடினால் கிளைவும் துய்ப்ளேயும் மட்டுமே கண்ணுக்குத் தெரிவர். கிண்ணத்தை வைத்து ஆடினால் ஊர் தெரியும்.

ஆகையால், நண்பர்களே, இன்ன ஆண்டில் இன்ன ஊர் கைப்பற்றப்பட்டது என்னும் வரியை இனி நீங்கள் படிக்கும்போது, சற்றே நில்லுங்கள். கைப்பற்றியவர் பெயரை மனனம் செய்வதோடு அமையாது, அவ்வாண்டு அங்கே விதைத்தவர் யார், அறுத்தவர் யார், உண்டவர் யார் என்று வினவுங்கள். அவ்வினாக்களே மாணவனை வரலாற்றறிஞனாக்கும்.