பேக்கரி பன்னில் இருக்கும் 'செர்ரி' உண்மையில் களாக்காயா? ஜவ்வாதுமலை முள்செடி பற்றி தெரிஞ்சுக்கோங்க!

பன், கேக் மேல சிவப்பா ஒரு 'செர்ரி' வைப்பாங்களே, அதில் பெரும்பாலானவை செர்ரியே கிடையாது. களாக்காயின் விதையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றியதுதான் அது.

திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டுக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்காகப் போகிறவர்கள் அதிகம். அந்த ஊர் அமைந்திருக்கும் ஜவ்வாதுமலை அடிவாரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட புதர்க்காட்டு வகையைச் சேர்ந்தது. பாறைச் சரிவு, மெலிந்த மண், நீண்ட கோடை. களாவுக்கு இதுவே போதும். வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை; முள் இருப்பதால் ஆடு மாடும் எளிதில் அண்டாது. வேலிக்கு இதை நடுவதும் அதனால்தான்.

களாவில் 2 வகை முக்கியம். பெரிய காய் தரும் களா ஒன்று, காட்டில் தானாக முளைக்கும் சிறுகளா இன்னொன்று. இரண்டிலும் மல்லிகை போல வாசமுள்ள வெள்ளைப் பூ. காய் பச்சையாக இருந்து சிவந்து, பழுத்ததும் கருநீலமாகும். காயில் புளிப்பு தூக்கல், ஊறுகாய்க்கு ஏற்றது. பெக்டின் அதிகம் என்பதால் ஜெல்லியும் நன்றாக உறையும். 'கிடைக்காத பலாக்காயைவிட கையில் இருக்கும் களாக்காய் மேல்' என்று பழமொழியே இருக்கிறது. அதில் களாக்காயைக் கொஞ்சம் மட்டமாகத்தான் வைத்திருக்கிறார்கள், அது வேற விஷயம்!

கவனிக்க வேண்டியது இங்கேதான். களா, அரளிக் குடும்பத்துச் செடி. கிள்ளினால் அரளி மாதிரியே வெள்ளைப் பால் வரும். மஞ்சள் அரளிக் காயும் முற்றினால் கருக்கும், ஆனால் அதன் விதை உயிரையே பறிக்கும் விஷம். வித்தியாசம் என்ன? அரளி இலை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும், முள் கிடையாது. களா இலை உருண்டை வாக்கில், எதிரெதிராக இருக்கும். கிளையில் உறுதியான முள் இருக்கும்.

அடுத்தது உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1800களின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியா வந்தது, இன்று காடுகளில் புதராக மண்டி களா போன்ற நம்ம ஊர்ச் செடிகளின் இடத்தைப் பிடிக்கிறது. அதன் கொத்துக் கொத்தான கறுப்புப் பழத்தைப் பிள்ளைகள் பறித்துவிடுவார்கள். பச்சைக் காய் நச்சு. சந்தேகம் இருந்தால் எதையும் வாயில் வைக்காதீங்க.

காப்புக்காட்டில் நாமாகப் போய்ப் பறிக்கலாமா? அனுமதி இல்லாமல் கூடாது. அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் போன்றோருக்கு, சிறு வன விளைபொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. அதனால் சீசனில் மலைப்பாதையோரம் விற்பவர்களிடம் வாங்குவதே சரி. நறுக்கும்போது பால் பிசுபிசுக்கும், கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கோங்க.