நெறி கட்டும் காய்ச்சல்: ஒரு நோய் அடையாளம் பெற்ற வரலாறு

காய்ச்சல் என்பது நோயின் பெயரன்று, நோயின் அறிகுறி. இதனை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதன்பின் ஒவ்வொரு காய்ச்சலையும் வேறு பிரித்து, அதன் காரணத்தைக் கண்டு, உரிய பெயரிட்டு வழங்கும் பணி விரைவாக நடந்தது. அவ்வாறு பிரித்தறியப்பட்டவற்றுள் சுரப்பிக் காய்ச்சலின் வரலாறு தனித்தன்மை உடையது. பெயர் பெற்ற பின்னர்க் காரணம் தெரிவதற்கு இந்நோய் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் காத்திருந்தது. அவ்விடைக் காலத்தில், பிழைக்க வேண்டியவரையே பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் அஞ்சியதும் உண்டு.

பெயர் வந்த வகை

1885 ஆம் ஆண்டில் மாஸ்கோவின் குழந்தை மருத்துவர் நீல் பிலாத்தொவ், கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சலும் காணும் ஒரு நோயைக் குறித்து எழுதினார். 1889 இல் செருமனியின் வீஸ்பாடன் நகரத்து மருத்துவர் எமில் பைபர் அதனை மேலும் விரிவாக விளக்கினார். காய்ச்சல், தொண்டை நோவு, கழுத்தில் நெறி, ஈரலும் மண்ணீரலும் வீங்குதல் ஆகியவற்றைத் தொகுத்துக் கூறி, ‘சுரப்பிக் காய்ச்சல்’ என்று பொருள்படும் செருமன் பெயரை இட்டார்.

கழுத்திலும் கக்கத்திலும் திரளும் வீக்கத்தை நம் மக்கள் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பர். அவ்வாறு வீங்குவது உண்மையில் சுரப்பியன்று, நிணநீர்க் கணு. அக்கால மருத்துவர் அதனையும் சுரப்பி என்றே கருதியதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. பிழையான பெயர்களும் வழக்கில் ஊன்றிவிடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அச்சம் அகன்றது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருதியை நுண்பெருக்கியில் வைத்து அணுக்களை எண்ணும் வழக்கம் பரவியது. அதனால் புதியதொரு குழப்பமும் விளைந்தது. நல்ல உடற்கட்டு உடைய இளைஞர் சிலருக்குக் காய்ச்சலோடு நெறி கட்டியது. குருதியில் வெள்ளணுக்கள் பெருகி, உருவம் மாறித் தோன்றின. இவை குருதிப் புற்றுநோயின் அடையாளங்களை ஒத்திருந்தன. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்து கிடையாது. எனவே அத்தீர்ப்பைக் கேட்ட பெற்றோர் நிலை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அந்நோயாளருள் சிலர் சில வாரங்களில் எழுந்து நடமாடினர்.

இப்புதிரை அவிழ்த்தவர்கள் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஸ்பிரன்ட், பிராங்க் எவான்ஸ் என்னும் இருவர். 1920 இல் அவர்கள் ஆறு நோயாளரின் குருதியை ஆராய்ந்து, இது புற்றுநோயன்று, தொற்று நோய்க்கு உடல் காட்டும் எதிர்வினையே என்று விளக்கினர். ‘தொற்று மானோநியூக்ளியோசிஸ்’ என்னும் பெயர் அவர்கள் கட்டுரையிலிருந்து வந்ததே. 1923 இல் டவுனி, மக்கின்லி என்போர் அவ்வணுக்களின் உருவ வேறுபாடுகளை வகுத்துக் காட்டினர்.

1932 இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பால், வால்ஸ் பனெல் இருவரும் எதிர்பாராத ஓர் உண்மையைக் கண்டனர். இந்நோயாளரின் குருதிநீர் செம்மறியாட்டின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்தது. நோய்க்கும் ஆட்டுக்கும் தொடர்பில்லை எனினும் சோதனை பயன்பட்டது. கண்ணால் கண்டு ஐயுறும் நிலை மாறி, குருதிச் சோதனையால் துணியும் நிலை வந்தது.

மூடுபனியில் வந்த கட்டி

நோயின் காரணம் மட்டும் மறைந்தே கிடந்தது. அது வெளிப்பட்டது ஆப்பிரிக்காவின் வழியாக. உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுக் கட்டியைப் பற்றி 1958 இல் எழுதினார். 1961 இல் அவர் இலண்டனில் நிகழ்த்திய உரையைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டீன், அக்கட்டிக்கு வைரஸ் காரணமாகலாம் என்று எண்ணினார். கட்டியின் துண்டுகள் விமானத்தில் இலண்டனுக்கு வந்துகொண்டிருந்தன. ஆயினும் இரண்டு ஆண்டுகள் முயன்றும் வைரஸ் அகப்படவில்லை.

1963 டிசம்பரில் மூடுபனி காரணமாக விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. தாமதித்து வந்த துண்டு கிடந்த நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டது என்று எறிந்திருக்கலாம். எப்ஸ்டீன் அதனை நுண்பெருக்கியில் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் உயிருள்ள கட்டியணுக்கள் மிதந்ததே என்று கண்டார். அவ்வணுக்களை வளர்த்து, 1964 பிப்ரவரியில் மின்னணு நுண்பெருக்கியின் கீழ் வைத்தபோது வைரஸ் தென்பட்டது. அயர்லாந்தைச் சேர்ந்த இவான் பார், டிரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சாங் ஆகியோரும் இப்பணியில் பங்கு கொண்டனர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்பது அதன் பெயர்.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விடை

பிலடெல்பியாவில் வெர்னர் ஹென்லியும் அவர் துணைவியார் கெர்ட்ரூடும் இவ்வைரசுக்கு எதிராகக் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைத் தேடினர். நலமாயிருந்த அமெரிக்கர் பெரும்பாலாரிடமும் அது காணப்பட்டது வியப்பளித்தது. அத்தனை பேரைத் தொற்றிய கிருமி எந்த நோயைத் தந்தது?

அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் எதிர்ப்பொருள் இல்லாத சிலருள் ஒருவர். ஆதலால் அவர் குருதி ஒப்பீட்டுக்குப் பயன்பட்டு வந்தது. 1967 இல் அவர் சுரப்பிக் காய்ச்சலால் வருந்தினார். மீண்டு வந்ததும் சோதித்தனர். முன்பு இல்லாத எதிர்ப்பொருள் இப்போது இருந்தது! ஒருவரிடம் கண்டதைக் கொண்டு முடிவு கூறலாகாது என்பதால், யேலில் மாணவரிடம் முன்னரே எடுத்துக் குளிரில் சேமித்திருந்த குருதிநீர் ஆராயப்பட்டது. நோயுற்ற மாணவருக்கு முன்பு எதிர்ப்பொருள் இல்லை. நோய்க்குப் பின் இருந்தது. முன்பே உடையவர் நோயுறவில்லை. 1968 இல் வழக்கு முடிவுற்றது.

வளர்ந்தோரும் மீட்சியும்

இவ்வைரஸ் உமிழ்நீர் வழியே பரவுகிறது. குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் நோயே தெரியாது. வயது வந்தபின் தொற்றினால்தான் துன்பம் மிகும். தொற்றி நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே நோய் வெளிப்படுவதால், யாரிடமிருந்து வந்தது என்று அறிவது அரிது. நாற்பது வயதைக் கடந்தோருக்குத் தொண்டை நோவும் நெறியும் குறைந்தும், நீடித்த காய்ச்சலும் ஈரல் கோளாறும் மிகுந்தும் தோன்றலாம். சிலருக்குக் காமாலையும் காணும். அடையாளம் தவறுவது இவர்களிடமே மிகுதி.

மருத்துவ முறையும் படிப்படியாகத் திருந்தியது. தொண்டை நோவென்று அம்பிசிலின் கொடுக்கப்பட்ட இந்நோயாளர் பலருக்கு உடல் முழுதும் தடிப்பு உண்டாவதை 1960களின் பிற்பகுதியில் கண்டனர். அத்தகைய மருந்துகள் வைரசைக் கொல்வதில்லை. பல வாரம் கட்டிலிலேயே கிடத்தும் பழைய வழக்கத்தை, கல்லூரி மாணவரிடையே டால்ரிம்பிள் நடத்தி 1964 இல் வெளியிட்ட ஆய்வு அசைத்தது. உடல் இடம் தரும் அளவு நடமாடியோர் தாமதமின்றித் தேறினர். ஆனால் வீங்கிய மண்ணீரல் கிழியும் இடர் சிறிதளவு உண்டு. ஆதலால் பளு தூக்குதலையும் விளையாட்டையும் மூன்று நான்கு வாரமேனும் தவிர்க்க வேண்டும். இடப்புற மேல்வயிற்றில் திடீர் வலியோ மூச்சுத் திணறலோ தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

காய்ச்சல் தணிந்த பின்னும் சோர்வு நீடிக்கும். ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் இந்நோய் உள்ளிட்ட மூவகைத் தொற்றால் வருந்திய 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் நூற்றுக்குப் பன்னிருவர் சோர்வுற்றிருந்தனர். அத்தகையோரைச் சோம்பேறி என்று வீட்டாரும் அலுவலகத்தாரும் இகழ்வது அறியாமை.

இவ்வைரஸ் வாழ்நாள் முழுதும் உடலில் தங்குவது. தென்சீன மரபினரிடையே மிகுதியாகக் காணும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வு, நரம்புறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் அபாயம் இத்தொற்றுக்குப் பின் 32 மடங்காவதைக் காட்டிற்று. எனினும் உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வைரசைத் தாங்கியும் நலமாகவே வாழ்கின்றனர். ஆதலின் அஞ்சுதற்கில்லை. 2024 இல் எப்ஸ்டீன் மறைந்தார். அவர் எறியாமல் நோக்கிய கலங்கல் நீர் தொடங்கிவைத்த ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.