கோல்ப் மட்டையும் மெழுகு வார்ப்பும்

கோல்ப் என்னும் ஆட்டத்தை நம் மாணவர்களில் பலர் நேரில் கண்டிருக்கமாட்டார்கள். உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்றவர்கள், மலைச்சரிவின் புல்வெளியில் சிலர் நீண்ட கோல்களோடு நடந்து செல்வதைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கலாம். அது செல்வர் ஆட்டம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆட்டத்தின் விதிகளுக்குள் நான் அதிகம் புகப்போவதில்லை. கோலின் நுனியில் உள்ள ஏறத்தாழக் கால் கிலோ உலோகத்தின் வரலாற்றையே சொல்ல வந்தேன். அதில் பௌதிகமும் இருக்கிறது. பட்டறைத் தொழிலும் இருக்கிறது. இறுதியில் ஒரு வழக்கும் இருக்கிறது.

ஸ்காட்லாந்து மக்களுக்கு இவ்வாட்டம் மிகப் பழமையானது. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று 1457-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் இதைத் தடை செய்தது. பழைய மட்டைகளின் தலை மரத்தால் ஆனது. அதன் முதுகில் குழி தோண்டி ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள்; அடிவிளிம்பு தேயாதிருக்க ஆட்டுக்கொம்புத் துண்டைப் பதிப்பார்கள். அக்காலப் பந்து, தோலுக்குள் இறகுகளைத் திணித்துச் செய்யப்பட்டது. இரும்பு மட்டையால் ஓங்கி அடித்தால் அது கிழிந்துபோகும். 1848-ஐ ஒட்டி, மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் கெட்டியான பந்து செய்யப்பட்டது. அதன்பின் இரும்பு மட்டைகள் பெருகின. கொல்லர்களுக்கு வேலை மிகுந்தது.

கொல்லன் இரும்பைக் காய்ச்சி அடித்து வடித்தான். பின்னர் யந்திரச் சம்மட்டியும் உருக்கு அச்சும் வந்தன. அப்பொழுதும் அச்சிலிருந்து வெளிவரும் தலை கரடுமுரடாகவே இருக்கும். அதைத் துளையிட்டு, சாணை பிடித்து, தராசில் நிறுத்து, மறுபடியும் சாணை பிடித்துத்தான் உரிய எடைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தொகுதியில் ஒவ்வொரு மட்டைக்கும் ஒவ்வோர் எடை உண்டு. அடுத்தடுத்த மட்டைகளின் தலைகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஏழு கிராம் அளவே. ஆகவே சாணைக்காரனின் கண்ணும் கையும்தான் மட்டையின் தரத்தை நிர்ணயித்தன. அவ்வாறு செய்த மட்டை அழகாகவே இருந்தது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது.

பந்து தலையின் நடுவில் பட்டால் நேராகப் போகும். நுனிப்பக்கமோ, தண்டு சேரும் குதிப்பக்கமோ பட்டால் தலை கையில் திருகிக்கொள்ளும். பந்து விலகிப் போகும், வேகமும் குறையும். தேர்ந்தவனுக்கு இது எப்பொழுதோ நேரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற குமாஸ்தாவுக்கு அடிக்கு அடி நேரும்.

கழைக்கூத்தாடி கயிற்றின்மீது நடக்கையில் நீண்ட மூங்கிலை ஏந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே எடையை ஓர் உருண்டையாக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் அவனுக்குப் பயன் மிகக் குறைவு. எடை இரு கோடிகளுக்கும் விலகி நிற்பதால்தான் திடீரென்று திரும்ப மறுக்கிறது. பௌதிக நூல்கள் இதை நிலைமத் திருப்புத்திறன் என்று கூறும். எடை இரட்டித்தால் அது இரட்டிக்கும். அச்சிலிருந்து எடையின் தூரம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். அப்படியானால் மட்டைத் தலையிலும் உலோகத்தை நடுவிலிருந்து எடுத்து இரு முனைகளிலும் வைத்தால் என்ன?

இக்கேள்வியை விடாது பற்றிக்கொண்டவர் கார்ஸ்டன் ஸோல்ஹைம். 1911-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குக் குடியேறியது. தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. மகனும் அத்தொழிலைச் செய்தார். கல்லூரியில் பொறியியல் படிக்கத் தொடங்கியவரைப் பொருளாதார மந்தம் மீண்டும் செருப்புக் கடைக்கே அனுப்பியது. பின்னர் விமானத் தொழிற்சாலைகளில் பணியாற்றி, 1953-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். உடன் பணிபுரிந்தோர் அழைக்க, நாற்பத்திரண்டாம் வயதில்தான் கோல்ப் மட்டையைக் கையில் எடுத்தார். குழிக்கருகே பந்தை மெல்ல உருட்டும் கட்டத்தில் மிகவும் தடுமாறினார். தம் கையை நொந்துகொள்வதோடு நில்லாமல், கருவியையும் சந்தேகித்தார் என்பதே அவருடைய சிறப்பு.

இரண்டு சர்க்கரைக் கட்டிகளை இரு முனைகளிலும் வைத்து, குச்சி ஐஸின் தட்டைக் குச்சிகளால் இணைத்துத் தம் எண்ணத்தை உருவாக்கிப் பார்த்தார். 1959-இல், கலிபோர்னியாவில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில், அதை உலோகத்தில் செய்தார். நடுவில் பிளவுபட்ட அந்தத் தலை பந்தில் பட்டதும் இசைக்கவை போலப் ‘பிங்’ என்று ஒலித்தது, அதுவே பெயராயிற்று. 1966-இல் வேறொரு வடிவம் தோன்றியபோது, அதை ஓர் இசைத்தட்டின் உறையில் வரைந்துவைத்தார். விடை என்னும் பொருள்பட ‘ஆன்சர்’ என்று அதற்குப் பெயரிட்டவர் அவர் மனைவி லூயிஸ். ஆங்கிலச் சொல் மட்டையில் அடங்காததால் ஓர் எழுத்தை விட்டுவிடச் சொன்னவரும் அவரே! 1969-இல் ஜார்ஜ் ஆர்ச்சர் அம்மட்டையைக் கொண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றார்.

பந்தை உயர எழுப்பும் இரும்பு மட்டைகளுக்கும் இதே தத்துவம் பொருந்த வேண்டும். அங்கேதான் தொழில் குறுக்கே நின்றது. அடித்து வடித்த தலைகளை வாங்கி, முதுகைக் கடைசல் யந்திரத்தால் குடைந்து பார்த்தார். தத்துவம் பலித்தது. ஆனால் விலை கொடுத்து வாங்கிய உருக்கைச் சீவித் தரையில் கொட்டும் வேலை அது; ஒவ்வொரு தலைக்கும் தனி உழைப்பு. எல்லோரும் வாங்கும் பண்டம் அவ்வழியில் உருவாகாது.

வழி மிகப் பழையதாக இருந்தது. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் திருமேனியை வடித்து, காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை ஒழுகவிட்டு, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். இம்முறையை 1907-இல் டாக்கர்ட் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் தங்கப் பல் நிரப்பலுக்குக் கையாண்டார். இரண்டாம் உலகப்போரில் விமானப் பொறிகளின் சுழல் தகடுகளுக்கு அது பயன்பட்டது. ஆலையில் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்தபதியின் மெழுகு கையால் ஆனது, ஒருமுறை உருகினால் போயிற்று. ஆலையில் மெழுகை உலோக அச்சில் செலுத்துவதால், ஆயிரம் தலைகளும் ஒரே வடிவில் வரும். மெழுகுத் தலைகளைக் கிளைகளோடு கூடிய மரம்போல் ஒட்டி, பீங்கான் குழம்பில் பலமுறை தோய்த்து, ஓடு கெட்டியானபின் மெழுகை நீக்கி, உருக்கை ஊற்றுவர். பிறகு ஓட்டை உடைத்தால் குடைந்த முதுகு குடைந்தபடியே வெளிவரும். யாரும் சீவ வேண்டியதில்லை.

கவனமும் வேண்டும். மெழுகும் சுருங்கும், உருக்கும் சுருங்கும். அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக அமைக்க வேண்டும். கனத்த பகுதி கடைசியில் உறைவதால் உள்ளே பொள்ளல் விழலாம். எனவே முனைகளில் எடையை ஒரேயடியாகக் குவிக்காமல், தகட்டிலிருந்து படிப்படியாகத் தடிக்கவிட வேண்டும். பந்தாடுவோனுக்கு உகந்த வடிவம் வார்ப்போனுக்கும் உகந்ததாக வேண்டும். ஸோல்ஹைமின் வார்ப்பு மட்டை 1969-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1967-இல், அவர் உத்தியோகத்தை விட்டிருந்தார்.

வார்ப்பு முறை ஆட்டத்தின் விதியையும் அசைத்தது. மட்டையின் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் பழைய முறையில் ஆங்கில ‘வி’ வடிவில் குத்தப்பட்டன. வார்ப்பில் அதைவிட ‘யு’ வடிவமே எளிதில் வரும். அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1984-இல் அதை அனுமதித்தது. ஸோல்ஹைமின் ‘ஐ-2’ மட்டையின் கூரிய பள்ள விளிம்புகள் பந்தைக் கீறின. அவர் விளிம்பை மழுக்கினார். அவ்வளவில், பள்ளங்களுக்கிடையே உள்ள தூரம் குறைந்துவிட்டதென்று 1987-இல் சங்கம் தீர்ப்புக் கூறியது. வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு! அதற்காக, விற்ற மட்டைகளெல்லாம் செல்லாதவையாகும் நிலை. 1989-இல் அவர் பத்துக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். சிறு கொட்டகையில் தொடங்கிய தொழிலை அவர் பணயம் வைத்தார் என்றே நான் கருதுகிறேன். 1990-இல் சமாதானம் ஏற்பட்டது: முன்னரே செய்தவை செல்லும், இனிச் செய்பவற்றில் இடைவெளி மாறும்.

ஸோல்ஹைம் 2000-இல் காலமானார். 2010-இல் வரிப்பள்ளங்களுக்குப் புதிய கட்டுப்பாடு வந்தபோது, பில் மிக்கெல்ஸன் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர், 1990-க்கு முன் வார்த்த ‘ஐ-2’ மட்டையொன்றைத் தேடி எடுத்துவந்தார். பழைய சமாதானத்தின்படி அதை யாரும் தடுக்க இயலவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஸோல்ஹைமின் மகன், தொழில்முறைப் போட்டிகளில் அவ்வுரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தார்.