“கிட்டங்கியில தண்ணி ஏறுது”: காதல் என்ற சொல் இல்லாத காதல் வசனங்கள்

“கிட்டங்கியில தண்ணி ஏறுது. இண்டைக்கு வராதீங்க.”

என் சிறு வயதில், மாரி காலத்தில் உம்மா வாப்பாவுக்குச் சொல்லியனுப்பும் செய்தி இது. வாப்பா சவளக்கடைப் பக்கம் வயல் செய்தார். வீடு கல்முனையில். இரண்டுக்கும் நடுவில் கிட்டங்கித் தாம்போதி. பெரும்போக விதைப்பு முடிந்து மழை வலுக்கும்போது வெள்ளம் அந்தத் தாம்போதிக்கு மேலால் பாயும். அதற்கு முன் அந்தப் பக்கம் போகும் யாராவது ஒருவரிடம் உம்மா இந்தச் செய்தியைக் கொடுத்துவிடுவார்.

அது காலநிலை அறிவித்தல் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வரவேண்டிய மனிதரை “வராதீங்க” என்று சொல்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்பது எனக்குத் திருமணமான பிறகே விளங்கியது.

இப்போது சமூக ஊடகங்களில் ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெக்கியின் பெயரில் ஒரு கதை சுற்றுகிறது. “நான் உன்னைக் காதலிக்கிறேன்” என்பதை ஜப்பானிய மொழியில் “நிலா அழகாக இருக்கிறது” என்று மொழிபெயர்த்தால் போதும் என அவர் மாணவர்களுக்குச் சொன்னாராம். அவருடைய எழுத்துகளில் இதற்குச் சான்று இல்லை. ஆனாலும் நம் இளைஞர்கள் அதை விரும்பிப் பகிர்கிறார்கள். அதைவிட நல்ல வசனங்கள் அவர்களுடைய வீட்டுக் குசினியிலேயே கிடக்கின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெயர் சொல்லாத மரபு

தமிழில் இது புதிதல்ல. அகப்பாடலில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. உள்ளுறை என்றொரு முறையையும் அது சொல்கிறது. தெய்வத்தைத் தவிர்த்து, அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு போன்றவற்றைப் பேசி, அதற்குள் மனதில் உள்ளதை வைப்பதே உள்ளுறை.

எங்கள் பகுதியின் மூத்த பெண்கள் தொல்காப்பியம் படித்தவர்கள் அல்லர். ஆனால் கணவனின் பெயரை அவர்கள் வாயில் எடுப்பதில்லை. “இஞ்சேருங்க” என்பார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் “புள்ளட வாப்பா” என்பார்கள். ஒருவரை அவரது பெயரால் அல்லாமல், தன்னோடுள்ள உறவால் மட்டுமே அழைப்பது. அந்த விளிக்குள்ளேயே ஒரு உரிமை இருக்கிறது.

இதற்கு வாழ்முறையும் ஒரு காரணம். அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடையே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். புதுத் தம்பதியின் பேச்சு மாமா, மாமி, மச்சிமார் எல்லோருடைய காதிலும் விழும். எனவே கொஞ்சல் பேச்சு சோறு, குடை, விளக்கு என்று வேறு உடுப்புப் போட்டுக்கொண்டது.

கவி சொன்ன வழி

கிழக்கு மாகாணத்தின் நாட்டார் கவிகளும் இதே வழியில்தான் போயின. வயலிலும் காவற்பரணிலும் வீட்டு வாசலிலும் பிறந்த நான்கடிப் பாடல்கள் அவை. மச்சானும் மச்சியும் மாறி மாறிச் சொல்வதாகப் பல அமைந்திருக்கும். மச்சான் என்பதே முறைக்காரன், அதாவது மணமுடிக்க உரிமையுள்ளவன். தாய்வழிக் ‘குடி’ பார்த்துச் சம்பந்தம் பேசும் இந்த ஊர்களில், ஒரு பெண் ஒருவனை மச்சான் என்று பாடினாலே பாதி விஷயம் முடிந்துவிடும். மீதியைப் பறவையும் பயிரும் மழையும் சொல்லும். இந்தக் கவிகளில் பலவற்றைச் சாய்ந்தமருதைச் சேர்ந்த மறைந்த கல்விமான் எஸ்.எச்.எம். ஜெமீல் ‘கிராமத்து இதயம்’ என்ற நூலில் தொகுத்து வைத்தார். அறுவடை இயந்திரம் வந்து, ஆட்கள் கூடிச் சூடடிக்கும் களவெட்டி இல்லாமற்போன பிறகு அவற்றைப் பாடும் குரல்களும் குறைந்துவிட்டன.

இன்றும் கேட்கும் வசனங்கள்

பாட்டுப் போனாலும் பேச்சு இருக்கிறது. நான் கேட்டவற்றில் சில:

“இன்னும் கொஞ்சம் சோறு போடு.” கறியில் உப்புக் கூடிய நாளில் ஒரு கணவர் சொன்னது. குறை சொல்லவில்லை. சோற்றைக் கூட்டி உப்பைச் சமாளித்தார்.

“கதவைச் சும்மா சாத்தித்தான் வச்சிருக்கன்.” இரவு வேலைக்குப் போனவருக்கு மனைவி சொன்னது. நீ வரும்வரை எனக்குத் தூக்கம் வராது என்பது அதன் பொருள்.

“போய்ச் சேந்தா ஒரு மிஸ்கோல் தாங்க.” கட்டாருக்கும் சவூதிக்கும் போனவர்களுக்கு, தொலைபேசிக் கட்டணம் கூடிய காலத்தில் சொல்லப்பட்டது. எடுக்கக்கூடாத அழைப்புக்காக இரவிரவாக விழித்திருந்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

“பேசாட்டியும் பரவாயில்ல, கட் பண்ணாதீங்க.” இது வாட்ஸ்அப் காலத்தது.

“போயிட்டு வாறன்.” எல்லாத் தமிழரும் சொல்வதுதான். ‘போறன்’ என்று மட்டும் சொன்னால் வீட்டிலிருப்பவர் மனம் குழம்பும். திரும்பி வருவேன் என்ற வாக்குறுதி இல்லாமல் நாம் வாசலைத் தாண்டுவதில்லை.

ஒரு எச்சரிக்கை

மறைமுகமாகச் சொல்வதெல்லாம் அன்பு என்று நான் வாதிடவில்லை. வெளிப்படையாகச் சொல்லும் உரிமை பெண்ணுக்கு இல்லாததாலும் இந்த மொழி வளர்ந்தது. விரும்பாத திருமணத்தில் வாய் திறக்காத பெண்ணின் மௌனத்தையும் ‘அடக்கமான காதல்’ என்று பாராட்டிய ஊர்தான் இது. “எனக்குப் பயமா இருக்கு, நீ வெளிய போகாத” என்பதும் அன்பின் உடுப்பில்தான் வருகிறது.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன். இந்த வசனத்தில் கஷ்டம் யாருக்கு? சொல்பவர் தானே சுமந்தால் அது அன்பு. கேட்பவர் தலையில் ஏற்றினால் அது கட்டுப்பாடு. “வராதீங்க” என்று சொல்லிவிட்டு, மழை இரவில் மூன்று பிள்ளைகளோடு தனியே இருந்தவர் என் உம்மா.

தண்ணீர் வற்றி வாப்பா வீட்டுக்கு வந்த ஒரு காலை நினைவிருக்கிறது. இரண்டு இரவுகள் வாடியில் நனைந்திருந்தார். சாரன் முழுக்கச் சேறு. உம்மா துவாயை நீட்டினார். அதை வாங்காமல் முகட்டைப் பார்த்து அவர் கேட்டார்:

“இஞ்ச ஒழுகினதா?”

உம்மா “இல்ல” என்றார். அடுப்படியில் மழைத்தண்ணீர் பிடித்த இரண்டு சட்டிகள் இன்னும் நிறைந்திருந்தன.