விமானம் தாங்கிக் கப்பலுக்காகப் புறப்பட்ட இருவர்: வேம்பயரும் ராஜ்புத்தும்

வங்கக் கடலில் விமானம் தாங்கிக் கப்பல் ஒன்றைக் காக்கும் வேலை, இரண்டு பழைய நாசகாரிக் கப்பல்களுக்கு இரு வேறு காலத்தில் வந்து சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஆஸ்திரேலியாவின் வேம்பயர், மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கியது. 1971 டிசம்பர் 3 நள்ளிரவில் நமது ஐ.என்.எஸ். ராஜ்புத், விசாகப்பட்டினத் துறைமுகத்தை விட்டு வெளியேறி வங்கதேசப் போருக்குப் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கடற்போரில் பீரங்கியைவிடச் செய்தி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது புரியும்.

கரிவலம்வந்தநல்லூரில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். கடல் எட்டாத தூரம். ஆனாலும் ராஜ்புத்தின் கதை நமக்கு அந்நியமானதல்ல. அதைத் திட்டமிட்ட வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். 1914இல் சென்னை மீது குண்டு வீசிய எம்டனின் பெயர் நம் ஊர்ப் பேச்சில் இன்றும் இருக்கிறது. இவர் பெயர் இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

வயதில் இரண்டும் கிழங்கள்தான். வேம்பயர் 1917இல் கடலில் இறக்கப்பட்டது. மூழ்கும்போது வயது 24. ராஜ்புத், பிரிட்டனின் ராதர்ஹாமாக 1942இல் சேவைக்கு வந்து, 1949இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 1971இல் ஓய்வுக்குக் காத்திருந்தது. ஆகவே ஒன்று மூழ்கியதற்கும் மற்றது பிழைத்ததற்கும் வயது காரணமில்லை.

வேம்பயரின் மாலுமிகளிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் கப்பல்களை மலாயா அருகே மூழ்கடித்தபோது உடனிருந்து நூற்றுக்கணக்கானோரைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்கள் அவர்கள். அடுத்த மாதம் எண்டாவ் கடற்கரையில் இரவுச் சண்டையிலும் தப்பினார்கள். ஏப்ரலில் ஜப்பானின் விமானம் தாங்கிகள் இலங்கையை நெருங்கியதும், திருகோணமலையில் நின்ற ஹெர்மிஸை வெளியேறச் சொன்னார்கள். வேம்பயர் துணைக்குப் போனது. ஹெர்மிஸ் விமானம் தாங்கிக் கப்பல்தான். ஆனால் அதன் விமானங்கள் கரையில் நின்றன. தாங்க வேண்டியதை விட்டுவிட்டுக் கடலில் போன கப்பலை, முதல் உலகப் போர்க் காலத்துப் பீரங்கிகளோடு ஒரு நாசகாரி எப்படிக் காக்கும்?

காலையில் ஜப்பானின் உளவு விமானம் ஒன்று பார்த்துவிட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் தேடி வந்தன. ஹெர்மிஸ் சில நிமிடங்களில் கவிழ்ந்தது; 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிறகு வேம்பயர் இரண்டாக உடைந்து மூழ்கியது. அதன் தளபதி மோரனும் மாண்டார். அருகே இருந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் சுமார் 600 பேரை மீட்டது. கரையிலிருந்து கேட்ட விமான உதவி, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. இரண்டு கப்பல்களும் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்தது. தங்கள் பக்கத்து விமானங்களுக்கு வேளைக்குத் தெரியவில்லை. வேம்பயரை மூழ்கடித்தது இதுதான் என்பது என் கணிப்பு.

1971இல் நிலைமை தலைகீழ். நமது விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்த கப்பல். அதைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி கராச்சியிலிருந்து வந்தது. இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது ஒரு சின்ன விஷயத்தால்: நீர்மூழ்கிகள் பயன்படுத்தும் மசகு எண்ணெய் பற்றிச் சிட்டகாங்குக்கு அனுப்பிய தந்தி பிடிபட்டது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்தார். ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, விக்ராந்த் போல வானொலியில் ஓயாமல் பேசவைத்தார். துறைமுகத்தில் பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு காய்கறி, இறைச்சிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். விக்ராந்தின் மாலுமி ஒருவர் தாயின் உடல்நிலை கேட்பது போலச் சங்கேதமில்லாத தந்தி ஒன்றும் போனது. அந்தத் தந்திதான் எனக்கு இந்தத் திட்டத்திலேயே பிடித்தது. எதிரி நம்புவான் என்றால் இப்படிப்பட்ட சாதாரணச் செய்தியைத்தான் நம்புவான்.

காஸி சென்னைப் பக்கம் தேடிவிட்டு விசாகப்பட்டினம் வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவில் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங்கின் தலைமையில் துறைமுகத்திலிருந்து மீண்டும் வெளியேறிய ராஜ்புத், தண்ணீரில் ஒரு சலனத்தைப் பார்த்து இரண்டு ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டது. அதே வேளையில் பெரும் வெடிச்சத்தம் ஊர்வரை கேட்டது. விடிந்ததும் மீனவர்கள் சிதறல்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காஸியில் இருந்த 90க்கும் மேற்பட்டோரில் யாரும் தப்பவில்லை. ஹெர்மிஸுக்கு இருந்தது போல மீட்புக் கப்பலும் அவர்களுக்கு இல்லை. அந்தக் குடும்பங்களுக்காகவும் மனம் கனக்கிறது.

அந்தக் குண்டுகளால்தான் காஸி மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. உள்ளே நிகழ்ந்த வெடிப்போ, அது போட்ட கண்ணிவெடியோ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. இந்த வழக்கில் எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் என் முடிவு மாறாது. காஸியை அந்த இடத்துக்கு இழுத்தது ராஜ்புத்தின் நடிப்பு. டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியபோது அந்த நீர்மூழ்கி விக்ராந்தின் அருகில்கூட இல்லை. ராஜ்புத் 1976இல் உடைக்கப்பட்டது.