நீர்புகாக் கண்: கலிப்சோ - நிக்கோனோஸ் கமராவின் வரலாறு

கடலடியை முதலிற் கண்டவர் யாவர் எனக் கேட்டால் இலங்கைத் தமிழர் தயங்காது மன்னார்க் கரையைச் சுட்டுவர். கல் பிணித்த கயிற்றைப் பற்றி இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளி மீண்ட சுழியோடிகள் அக்கடலின் படுக்கையை நூற்றாண்டுக் கணக்கிற் கண்டவர்கள். 1902ஆம் ஆண்டில் முத்துச் சலாபங்களை ஆராயும்படி பிரித்தானிய அரசு அனுப்பிய பேராசிரியர் ஹேர்ட்மன் அவற்றைப் பற்றி ஐந்து பெருந்தொகுதிகளை வெளியிட்டார். ஆயினும் அத்தொகுதிகளின் அறிவெல்லாம் மேலே கொணரப்பட்ட சிப்பியையும் சேற்றையும் கொண்டு எழுந்த அறிவே. கீழே இறங்கியவன் கண்ட காட்சி அவனோடு மறைந்தது. காண்பது ஒன்று, கண்டதைக் கரையிலிருப்போர்க்குக் காட்டுவது பிறிதொன்று. பின்னையதற்குக் கருவி வேண்டும். அக்கருவியை ஆக்கியோரின் வரலாற்றையே, சிறப்பாக நிக்கோனோஸ் என்னும் கமராவின் பிறப்பையும் மறைவையும், இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நீரடிக் காட்சியைப் பதிவுசெய்யும் முயற்சிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று எமது காலித் துறைமுகத்தில் நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஒஸ்திரியப் பிரபுவான இயூஜின் வொன் றன்சொனே 1864-65இல் இலங்கைக்கு வந்தபோது, கண்ணாடிச் சாளரம் பொருத்திய சுழியோடு மணி ஒன்றினுள் அமர்ந்து காலிக் கடலில் இறங்கினார். முருகைக்கற்களையும் மீன்களையும் அங்கிருந்தவாறே வரைந்தார். அவ்வோவியங்கள் அடங்கிய நூல் 1867இல் வியன்னாவில் வெளிவந்தது. அவர் கையிலிருந்தது பென்சிலே. ஒளிப்படக்கலை அக்காலத்தில் வழக்கில் இருந்ததெனினும் கடலினுள் அது காலூன்றவில்லை. 1856இல் வில்லியம் தொம்சன் என்ற ஆங்கிலேயர் வேமத் குடாவில் ஒரு கமராவைப் பெட்டியிலிட்டுப் படகிலிருந்து இறக்கினார். பெட்டியினுள் நீர் புகுந்தது. ஆயினும் மங்கலான ஒரு படம் கிடைத்தது. 1893இல் பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூத்தான், தம் சகோதரர் வடிவமைத்த கமராவுடன் தாமே பன்யூல்ஸ் கடலில் இறங்கிப் படமெடுத்தார். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்துறையிற் கருவி செய்வோர் எதிர்கொண்ட இடர்கள் மூன்று. ஒளி நீரினுட் செல்லச் செல்லக் குன்றுகிறது. அதிலும் சிவப்பு நிறம் முதற் சில மீற்றர்களிலேயே மறைந்துவிடுகிறது. ஆதலாற் கடலடியில் எல்லாம் நீலமாகவே தோன்றும். நிறம் வேண்டின் விளக்கை உடன்கொண்டு செல்ல வேண்டும். இரண்டாவது ஒளிமுறிவு. தட்டைக் கண்ணாடியூடாகப் பார்க்கையில் நீரிலுள்ள பொருள் தன் தூரத்தின் நான்கில் மூன்று பங்கிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. காற்றில் 62 பாகை விரிந்து பார்க்கும் வில்லை நீரில் 46 பாகையளவே பார்க்கிறது. மூன்றாவது இடரே மிகப் பெரிது. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகிறது. 50 மீற்றர் ஆழத்தில் கமராவை ஆறு வளிமண்டலங்கள் நெரிக்கின்றன. மயிரிழையளவு இடைவெளி போதும். உப்புநீர் உள்ளே சென்று பற்சில்லுகளையும் படச்சுருளையும் அழித்துவிடும். எனவே நீரடிக் கமராவின் வரலாறு பெருமளவுக்கு றப்பர் வளையத்தின் வரலாறே எனலாம். வில்லையின் நுட்பம் அதற்கு அடுத்தபடியே வருகின்றது.

1943இல் கூஸ்தோவும் கஞ்ஞனும் அக்குவாலங் என்னும் மூச்சுக்கருவியை ஆக்கியபின் நிலைமை மாறிற்று. அதுவரை சிலர் மட்டும் கண்ட ஆழத்துக்கு ஆயிரக்கணக்கானோர் இறங்கலாயினர். அவர்களுக்குக் கமரா தேவைப்பட்டது. முதலில் எழுந்த விடை யாவரும் எண்ணக்கூடியதே: நிலத்திற் பயன்படும் நல்ல கமராவை நீர்புகாப் பெட்டி ஒன்றில் அடைப்பது. இவ்வழியில் உச்சத்தைத் தொட்டது, வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பிராங்க - ஹைடெக்க நிறுவனத்தாருடன் இணைந்து உருவாக்கி, 1954இல் வெளியான றொலெய்மரீன். றொலெய்பிளெக்ஸ் கமராவைத் தாங்கிய அவ்வுலோகப் பெட்டி 100 மீற்றர் ஆழம் வரை செல்லவல்லது. படத்தின் தரத்தில் அதற்கு ஈடு அக்காலத்தில் இருந்ததில்லை. ஆயினும் அது பாரமானது. 12 படங்கள் முடிந்ததும் மேலே வந்து பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

பெட்டிக் கமராக்களின் காலத்திலேதான் எமது கடல் உலகின் பார்வைக்கு வந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து, உள்நாட்டு விலங்கியலாளரான றொட்னி ஜொங்க்ளாசின் துணையுடன் கடற்கரையோரங்களில் இறங்கினர். திருகோணமலையிற் சுவாமிமலையின் அடிவாரத்தில், செதுக்கிய தூண்களும் கட்டடக் கற்களும் நீரினுட் கிடக்கக் கண்டு படமெடுத்தனர். 1620களிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்கள் அவை. கோயிற் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன என்பது ஏடறிந்த செய்தி. கடலில் வீழ்ந்தவை எவ்வாறு கிடக்கின்றன என்பதைக் கரையிலிருந்தோர் அறியும் வழி இருந்ததில்லை. முன்னூற்று முப்பது ஆண்டுகளாகச் செவிவழியாக வந்த இழப்புக்குக் கட்புலனான சான்று கிடைத்தது அப்பொழுதுதான். 1957இல் வெளிவந்த 'தப்பிரபேனின் முருகைக்கற் பாறைகள்' என்ற கிளார்க்கின் ஆங்கில நூலில் அவ்வாண்டுக் கடற்பயணங்கள் விரிவாக இடம்பெற்றன. நீரடிக் கமரா பொழுதுபோக்குக் கருவி என்ற எண்ணம் உடையோர் இந்நிகழ்ச்சியைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஒரு சமூகத்தின் நினைவுக்கு அது சாட்சி கூறியிருக்கின்றது.

இதே ஆண்டுகளிற் பிரான்சில் வேறொரு சிந்தனை முளைவிட்டது. கமராவைப் பெட்டியில் ஏன் வைக்க வேண்டும்? கமராவின் உடலே பெட்டியாக இருத்தலாகாதா? கூஸ்தோவுக்காக இவ்வினாவுக்கு விடை கண்டவர் பெல்ஜியரான ஜீன் டி வூட்டேர்ஸ் என்ற பொறியியலாளர். அவர் வடிவமைத்த கமரா கூஸ்தோவின் கப்பலின் பெயரையே பெற்றுக் கலிப்சோ என வழங்கியது. பிரான்சில் அற்றோம்ஸ் நிறுவனத்தார் அதனை ஆக்க, 1946 முதற் சுழியோடிகளுக்கான கருவிகளை விற்றுவந்த லா ஸ்பிறோதெக்னிக் நிறுவனத்தார் 1960ஐ ஒட்டிச் சந்தைக்குக் கொணர்ந்தனர்.

கலிப்சோவின் அமைப்பைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். அதன் புற உடல் ஓர் உலோக ஓடு. ஷட்டரும் படச்சுருளும் கொண்ட அக உடல் மேலிருந்து அவ்வோட்டினுள் இறங்கும். முன்புறத்தில் வில்லையைச் செருகித் திருப்பினால் அதுவே இரண்டையும் பூட்டிவிடும். மூன்று துண்டுகள், அவற்றின் இணைப்புகளிற் கொழுப்புப் பூசிய றப்பர் வளையங்கள். ஆழத்துக்குச் செல்லச் செல்ல நீரின் அமுக்கமே வளையங்களை இறுக்கும். பகைவனையே காவலனாக்கிய இந்த உத்தியில்தான் வூட்டேர்சின் மேதைமை உள்ளது என்பது என் கருத்து. இனி, படமெடுப்பதும் சுருளை நகர்த்துவதும் ஒரே நெம்பால் நிகழும். தடித்த கையுறை அணிந்தவனுக்கும் அது இயலும். துவாரத்துக்கும் தூரத்துக்குமான இரு குமிழ்கள் வில்லையின் இருபுறமும் நின்றன. தூரத்தை அளக்கும் கருவி இல்லை. கண்ணால் மதிப்பிட வேண்டியதுதான். பழகியவர் கைகளில் அது குறையாகத் தோன்றவில்லை.

பிரெஞ்சுச் சுழியோடிக் கருவி நிறுவனம் ஒன்றால் உலகச் சந்தைக்கு வேண்டிய அளவிற் கமராக்களை ஆக்குதல் எளிதன்று. இவ்விடத்தில் யப்பானியர் வருகின்றனர். 1917இல் நிறுவப்பட்ட நிப்பொன் கோகக்கு நிறுவனம் இரண்டாம் உலகப்போர் முடியும்வரை யப்பானியக் கடற்படைக்குத் தொலைமானிகளும் தொலைநோக்கிகளும் ஆக்கியது. போர்த்தோல்வியின் பின் படைக் கட்டளைகள் இல்லாதொழியவே கமராத் தொழிலுக்குத் திரும்பிற்று. 1948இல் முதல் நிக்கொன் கமரா வெளிவந்தது. கொரியப் போர்க்களத்துக்கு வந்த அமெரிக்கப் படப்பிடிப்பாளர்கள் அதன் வில்லைகளைக் கண்டு வியந்ததும், 1959இல் வெளியான நிக்கொன் எஃப் தொழில்முறைப் படப்பிடிப்பாளரின் கருவியானதும் யாவரும் அறிந்தவை. அந்நிறுவனம் கலிப்சோவின் உரிமையைப் பெற்று, தன் 35 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி, 1963இல் அதனை நிக்கோனோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. பிரான்சில் மட்டும் கலிப்சோ என்ற பழம்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஷட்டரின் உச்ச வேகத்தை யப்பானியர் ஆயிரத்திலொரு செக்கனிலிருந்து ஐந்நூற்றிலொரு செக்கனாகக் குறைத்தனர். மற்றும்படி வூட்டேர்சின் அமைப்பை அவர்கள் ஏறத்தாழ அப்படியே ஏற்றனர். 1968இல் நிக்கோனோஸ் 2, 1975இல் நிக்கோனோஸ் 3 என இரண்டு வடிவங்கள் வந்தபோதும் மூன்று துண்டு உடல் மாறவில்லை. அவர்கள் உண்மையிற் புதிதாகச் சேர்த்தது வில்லைகளை. நீரைத் தொட்டுக்கொண்டே வேலை செய்யுமாறு கணித்து ஆக்கிய 28 மில்லிமீற்றர், 15 மில்லிமீற்றர் வில்லைகள் ஒளிமுறிவு என்ற பழைய இடரை வென்றன. 15 மில்லிமீற்றர் வில்லை நீரினுள்ளேயே 94 பாகை அகன்று பார்க்கும். கரையிற் பிடித்தால் இவை தெளிவான படம் தாரா. மீனைப் போல அவையும் நீரிலேயே வாழ்வன. நிலத்துக்கும் ஏற்ற 35 மில்லிமீற்றர் வில்லையுடன் இக்கமரா வியட்நாமின் மழையிலும் சேற்றிலும் போர்ப்படப்பிடிப்பாளரின் கழுத்தில் தொங்கியதும் உண்டு.

1980இல் வந்த நிக்கோனோஸ் 4ஏ ஒரு பின்னடைவே. இலத்திரனியல் முறையில் ஒளியைத் தானே அளக்கும் வசதி கிடைத்தது. அதற்கு விலையாக மூன்று துண்டு உடல் கைவிடப்பட்டு, சாதாரண கமராக்களிலுள்ளது போன்ற பிணைச்சற் கதவு வந்தது. தன் விருப்பப்படி வேகத்தைத் தெரிவுசெய்யும் உரிமையும் பயன்படுத்துவோனிடமிருந்து பறிபோயிற்று. இதனை உணர்ந்தோ என்னவோ, 1984இல் நிக்கோனோஸ் 5 அவ்வுரிமையை மீட்டளித்தது; மின்னொளியை வில்லையூடாகவே அளந்து கட்டுப்படுத்தும் முறையையும் சேர்த்தது. செம்மஞ்சளும் பச்சையுமாக வெளிவந்த அக்கமராவே இவ்வரிசையில் நெடுங்காலம் வாழ்ந்தது. 1992இல் தானே குவியம் கொள்ளும் ஆர்எஸ் வந்தது. வில்லையூடாகவே காட்சியைப் பார்த்து 100 மீற்றர் ஆழத்திற் படமெடுக்கவல்ல அந்த அற்புதக் கருவி, விலையின் பாரத்தால் 1996இல் நிறுத்தப்பட்டது. 1988 முதல் நிக்கொன் என்றே பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் 2001இல் நிக்கோனோஸ் 5இனையும் நிறுத்திற்று.

டிஜிட்டல் கமராவின் வருகையே இம்மறைவுக்குக் காரணம் என்பர். அது முழு விளக்கமாகாது. பெட்டி செய்வோர் இடையறாது தொழில் செய்துகொண்டே இருந்தனர். 1962இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிசில் ஐக் பிரிகாம் தொடங்கிய ஐக்கிலைட் நிறுவனம், உள்ளிருக்கும் கமரா வெளியே தெரியுமாறு ஒளிபுகும் பிளாஸ்ரிக்கிற் பெட்டிகளை ஆக்கியது. ஒஸ்திரியாவின் ஸ்டைர் நகரத்தில் சுபால் நிறுவனம் உலோகத்திற் கடைந்தது. நிலக்கமரா ஈராண்டுக்கொருமுறை மாறத் தொடங்கியபோது, பெட்டியை மட்டும் மாற்றுவது இலகுவாயிற்று. முழுக்கமராவையும் நீர்புகாவண்ணம் புதிதாக வடிவமைப்பது பெருநிறுவனத்துக்குக் கட்டுபடியாகவில்லை. கலிப்சோ வென்றதாக எண்ணிய போட்டியிற் பழைய பெட்டியே இறுதியில் நிலைத்தது.

இன்னொன்றையும் இங்கே சுட்டாதிருக்க இயலவில்லை. பிரவுன்ஷ்வைக், வியன்னா, ஸ்டைர், இண்டியானாபொலிஸ் ஆகியவற்றுள் ஒன்றேனும் கடற்கரை நகரன்று. மாத்தளைக்கு வடக்கே, மிளகும் கொக்கோவும் விளையும் பலாபத்வலவில் வளர்ந்த எனக்கு இது வியப்பையும் ஒருவகை ஆறுதலையும் தந்தது. கடலோரத்திற் பிறந்தால்தான் கடலை ஆராயலாம் என்ற எண்ணத்தை இக்கைவினைஞர்கள் பொய்யாக்கியுள்ளனர். இயந்திரக் கடைசற்பட்டறையும் வில்லைக் கணிதமும் இருந்த இடத்திற் கருவி பிறந்தது. எம்மிடம் சலாபம் இருந்தது, சுழியோடிகள் இருந்தனர், மூழ்கிய கோயிலும் இருந்தது. பட்டறை இருக்கவில்லை.

இதன் விளைவை 1960களில் நன்கு காணலாம். 1961இல் தென்கிழக்குக் கடலிலுள்ள மகா இராவணா பாறையருகே வில்சனும் இரு அமெரிக்கச் சிறுவர்களும் 1702ஆம் ஆண்டுக்குரிய அவுரங்கசீப்பின் வெள்ளி நாணயக் குவியலைக் கண்டனர். 1962இல் வில்சன் இயக்கிய 'ரன் முத்து தூவ', இலங்கையின் முதலாவது முழுநீள வர்ணத் திரைப்படம், திருகோணமலையின் நீரடிக் காட்சிகளைச் சிங்கள இரசிகர்களுக்குத் திரையிற் காட்டியது. கடல் எமது, கண்டெடுத்த காட்சியும் எமது, காட்டிய கருவியும் பெரும்பாலும் கையும் பிறருடையன.

நிக்கோனோஸ் நிறுத்தப்பட்ட அதே 2001இல் காலித் துறைமுகத்தில், 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலின் அகழ்வு தொடங்கிற்று. வெளிநாட்டு நிபுணர்களோடு இலங்கைத் தொல்லியலாளர்களும் சுழியோடப் பயின்று, தம் கையாலேயே அளந்தும் படமெடுத்தும் கடலடியைப் பதிவுசெய்தனர். 2004 திசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கரையிலிருந்த அவர்களின் பணிமனையைச் சிதைத்தது. அதன் பின்னரும் பணி நின்றுவிடவில்லை. அம்பாந்தோட்டையை அடுத்த கொடவாயாவில், ஏறக்குறைய 30 மீற்றர் ஆழத்தில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வணிகக் கப்பலொன்றின் சிதைவுகள் ஆராயப்பட்டன. இந்துமாகடலில் அறியப்பட்ட மூழ்கிய கப்பல்களுள் மிகப் பழையது அதுவே எனக் கருதப்படுகின்றது. அதனை முதலிற் கண்டவர்கள் அவ்வூர்ச் சங்கு குளிப்போர். 2003இல் அங்கிருந்து ஒரு கற்பொருளைக் கரைக்குக் கொணர்ந்தவர்கள் அவர்கள். கமராக்கள் அவர்கள் காட்டிய இடத்தில் பின்னரே இறங்கின.