அரசர் வைத்த பெயரும் ஊர் வைத்த பெயரும்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிக்கு 'ஏரி மாவட்டம்' என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. அந்த ஏரிகளைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடினால், இன்று வழக்கில் இல்லாத பெயர்கள் கிடைக்கின்றன. உத்திரமேரூர் ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். வயிரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் விருதுப்பெயர். தூசி மாமண்டூர் ஏரி அன்று சித்திரமேகத் தடாகம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, பாலாற்று நீரைப் பெரும்பிடுகு என்ற கால்வாய் வழியே பெற்ற பரமேசுவர தடாகத்தைச் சொல்கிறது. இந்தப் பெயர்களை இன்று ஆய்வாளர்கள்தான் அறிவார்கள். உத்திரமேரூர் ஏரியும் மாமண்டூர் ஏரியும் இன்றும் வயலுக்கு நீர் தருகின்றன. ஆகவே ஏரி அழிந்ததால் பெயர் அழிந்தது என்று சொல்ல வழியில்லை. ஏரியை வெட்டுவித்த அரசன் பெயர் சூட்டலாம். அந்தப் பெயர் நிலைப்பதும் நிலைக்காததும் ஆண்டுதோறும் தூர் எடுத்து, கரை உயர்த்தி, மதகு காத்த ஊரின் கையில்தான் இருந்தது என்பது என் முடிவு.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். தெற்கே வீராணம் ஏரி இருக்கிறதே, அது முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பெயரை ஆயிரம் ஆண்டுகளாகச் சுமக்கவில்லையா? மதுராந்தகம் ஏரி சோழரின் விருதுப்பெயரில் இல்லையா? முதலாம் மகேந்திரவர்மன் வெட்டிய மகேந்திர தடாகம், அரக்கோணத்துக்கு அருகே மகேந்திரவாடி ஏரியாக இல்லையா? இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் அரசன் பெயர் ஏரிக்கு மட்டும் சூட்டப்பட்டதன்று. வீராணத்தை ஒட்டிய காட்டுமன்னார்கோயில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலமாக, அதாவது அரசன் பெயரில் அந்தணருக்கு அளிக்கப்பட்டதாக இருந்த ஊர். மதுராந்தகமும் அப்படி ஒரு சதுர்வேதிமங்கலமே. மகேந்திரவாடிக் குடைவரைக் கல்வெட்டு தடாகத்தோடு மகேந்திரபுரம் என்ற ஊரையும் சேர்த்தே சொல்கிறது. ஊருக்கும் அரசன் பெயர் ஒட்டிக்கொண்ட இடங்களில் ஏரிக்கும் அது ஒட்டியது. உத்திரமேரூரிலும் மாமண்டூரிலும் கூரத்திலும் ஊருக்கு வேறு பெயர் நிலைத்தது. அங்கெல்லாம் தடாகத்தின் அரசப் பெயர் உதிர்ந்தது. விதிவிலக்காகத் தோன்றும் வீராணம்தான் இந்த வாதத்துக்கு வலுவான சான்று.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. தடாகம் என்பதே வடமொழி. இவை அரசவைப் புலவர்கள் எழுதிய அலங்காரப் பெயர்கள். உழவர் வாயில் என்றுமே வழங்கியிருக்காது. பிறகு மறைந்தது என்ற பேச்சு எதற்கு என்பார்கள். கூரம் செப்பேட்டைப் பொறுத்தவரை இதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். உத்திரமேரூருக்கு இது பொருந்தாது. அங்கே வயிரமேகத் தடாகம் என்று எழுதியது அரண்மனை இல்லை, ஊர்ச்சபை. கொடையாகக் கிடைத்த பொருளை முதலாக வைத்து, அதன் வருவாயில் ஆண்டுதோறும் அந்த ஏரியின் தூரை அகற்றுவோம் என்று சபை எழுதிக்கொடுத்த உடன்பாடுகளில் இந்தப் பெயர் வருகிறது. அதே சபைதான் 919, 921ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையை வகுத்து, மற்ற வாரியங்களோடு ஏரி வாரியத்துக்கும் ஆள் தேர்ந்தது. அந்த ஊரின் கணக்கிலும் வாய்ச்சொல்லிலும் புழங்கிய பெயர் அது. உழவர் அதைச் சுருக்கி வழங்கியிருக்கலாம், அறியாமல் இருந்திருக்க முடியாது. சபை இருந்தவரை பெயர் இருந்தது. சபை போனபின் அதைச் சொல்லவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. 'ஊர் ஏரி' என்பதே போதுமானதாயிற்று.

சிற்றேரிகளின் வரலாறு நேர்மாறாக ஓடுகிறது. தாங்கல் என்பது தொண்டை மண்டலத்தில் சிறு பாசன ஏரியைக் குறிக்கும் சொல். பாண்டி நாட்டில் ஏந்தல் என்பார்கள். நீரைத் தாங்குவது, ஏந்துவது என்று சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. பெரிய ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கும், அதன் மிகுதி அதற்கடுத்ததற்கும் போகும் சங்கிலியில் இவை சிறு கண்ணிகள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்ற ஊர்ப்பெயர்களில் ஏரி ஊருக்குப் பெயர் தந்திருக்கிறது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பேரேரி ஏற்கெனவே இருந்த ஊருக்காக வெட்டப்பட்டது, ஊரின் பெயரைப் பெற்றது, தாங்கலோ முதலில் வந்தது, அதன் நீரை நம்பிக் குடியிருப்பு பின்னால் வந்தது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் கவுல் என்ற எழுத்துறுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த அந்த நீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். பெயரும் பயனும் ஒன்றாகவே காக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியவில்லை.

சென்னையின் தாங்கல்களோ பலவும் குடியிருப்புகளாகிவிட்டன. ஏரி போனபின்னும் பெயர் நிற்கிறதே, அப்படியானால் பெயருக்கும் பராமரிப்புக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அங்கே பெயர் இப்போது நீரைக் குறிக்கவில்லை, அஞ்சல் முகவரியைக் குறிக்கிறது. ஊர் பெருத்ததால் பெயர் பிழைத்தது. பெயர் பிழைத்ததால் ஏரி பிழைக்கவில்லை. ஆகவே கரையில் பலகை நட்டுப் பழைய பெயரை எழுதிவிட்டால் மரபு மீண்டுவிடும் என்று நம்புவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இன்று 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. ஏரி வாரியம் செய்த வேலையை முடிவு செய்யும் உரிமை ஆயக்கட்டுக்காரர்களிடம் முழுமையாக இல்லை. தூர் எடுக்கும் பொறுப்பும் அதற்கான பணமும் முதலில் அவர்களிடம் திரும்பட்டும். வயிரமேகன் பெயரைப் பிறகு எழுதலாம். தாங்கல் என்று முடியும் ஊரில் மனை வாங்குவோர், பத்திரத்தைப் பார்க்கும் முன் பழைய வருவாய்த்துறை வரைபடத்தில் அந்தத் தாங்கலும் அதன் வரத்துக்காலும் எங்கே இருந்தன என்று பார்த்துவிடுங்கள்.